மஞ்சள் விற்ற காசும் டெட் ஃபண்டும்

கேள்வி: மஞ்சள் வித்த பணம் 6 லட்சம் இருக்குதுங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பொண்ணோட காலேஜ் ஃபீசுக்கு வேணும். டெட் ஃபண்டுல போடுங்க, எஃப்.டி. மாதிரியேதான்னு ஒரு ஏஜென்ட் சொல்றாருங்க. நம்பலாமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஃபண்டை நம்பலாம். ‘எஃப்.டி. மாதிரி’ என்ற பேச்சைத்தான் நம்பக் கூடாது. எஃப்.டி.யில் வட்டி முதல் நாளே எழுத்தில் வந்துவிடும். ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. டெட் ஃபண்டு எனும் கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டில் இந்த இரண்டுமே கிடையாது. அது உங்கள் பணத்தை அரசுக்கும் கம்பெனிகளுக்கும் கடனாகக் கொடுத்துப் பத்திரம் வாங்குகிறது. அந்தப் பத்திரங்களின் அன்றன்றைய விலைதான் என்.ஏ.வி.யாக, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டின் மதிப்பாக வருகிறது.

அந்த விலை எப்படி இறங்குகிறது? 100 ரூபாய்ப் பத்திரம் ஒன்று 7% வட்டி தருகிறது. நாளைக்குப் புதுப் பத்திரம் 8% தந்தால், பழையதை 100 கொடுத்து யார் வாங்குவார்? முடிய ஒரு வருஷமே இருந்தால் அது சுமார் 99 ரூபாய்க்குப் போகும். ஐந்து வருஷம் என்றால் 96, பத்து வருஷம் என்றால் 93. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) 4%-இலிருந்து 6.5%-க்கு ஏற்றியபோது நீண்ட காலப் பத்திர ஃபண்டுகள் அடி வாங்கியது இதனால்தான். வட்டி இறங்கினால் இதே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும்.

எனவே ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ எவ்வளவு என்று பாருங்கள். அது 2 என்றால், வட்டி 1% ஏறும்போது என்.ஏ.வி. ஏறக்குறைய 2% இறங்கும். உங்களுக்கு 2-க்கு மேல் வேண்டாம். இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது: ஃபீஸ் கட்டும் நாள் நெருங்க நெருங்க ஃபண்டின் டியூரேஷன் தானாகக் குறையாது. கடைசி ஆறு மாதம், மிகக் குறுகிய காலப் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றுவதும் வரிக்கணக்கில் விற்பனைதான்.

மஞ்சள் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதைப் போட்டு வரும் லாபத்துக்கு உண்டு. 2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய டெட் ஃபண்டு லாபம், எத்தனை வருஷம் வைத்திருந்தாலும், உங்கள் ஸ்லாப் விகிதத்தில்தான் (மொத்த வருமானத்துக்கு ஏற்ற வரி விகிதம்). எஃப்.டி. வட்டிக்கும் அதே விகிதம். வித்தியாசம், ஃபண்டில் விற்கும்போதுதான் வரி. வரி வரம்புக்குள் வராதவர் என்றால் எங்கள் யோசனை: இரண்டு வங்கிகளில் மும்மூன்று லட்சமாக எஃப்.டி. போடுங்கள், தூக்கம் கெடாது. ஃபண்டுதான் என்றால், ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான். ஏஜென்ட் கமிஷன் உள்ள ரெகுலர் பிளானில் செலவு அரை சதவீதம் கூடுதல் என்று வைத்தாலும், 6 லட்சத்துக்கு வருஷம் 3,000 ரூபாய் போகும்.

கேள்வி: பனியன் ஜாப் ஒர்க் யூனிட். சனிக்கிழமைச் சம்பளப் பணம் கரண்ட் அக்கவுண்டில் சும்மா கிடக்கிறது. லிக்விட் ஃபண்டு சரிவருமா?
– வாசகர், திருப்பூர்

ஒரே நாளில் முடியும் கடன்களில் போடும் ஓவர்நைட் ஃபண்டு பாருங்கள். லிக்விட் ஃபண்டில் ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு எக்ஸிட் லோடு (வெளியேறும் கட்டணம்) உண்டு. வாரச் சம்பளத்துக்கு அது ஒத்துவராது. வியாழன் மதியமே விற்கச் சொன்னால் வெள்ளிக்கிழமை கணக்கில் வந்துவிடும். வெள்ளியன்று விற்றால் திங்கள்தான், நடுவில் விடுமுறை வந்தால் அதுவும் தள்ளும். யார் பேரில் ஃபண்டோ அவர் வங்கிக் கணக்கிலிருந்துதான் பணம் போக வேண்டும். பங்குதாரர் கணக்கிலிருந்து போட்டால் திருப்பிவிடுவார்கள்.

கேள்வி: கிரெடிட் ரிஸ்க் ஃபண்டில் ஒய்.டி.எம். ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. பென்ஷன் பணத்தைப் போடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டாங்க. இந்த வகை ஃபண்டு குறைந்தது 65% பணத்தை ‘ஏஏ’ எனும் கடன் தர மதிப்பீட்டிலும் அதற்குக் கீழும் உள்ள கம்பெனிப் பத்திரங்களில் போட வேண்டும் என்பது செபி விதி. கூடுதல் வட்டி, திரும்பி வராமல் போகக்கூடிய கடனுக்கான கூலி. 2020 ஏப்ரல் 23-இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஃபண்டு நிறுவனம் ஆறு டெட் திட்டங்களை நிறுத்தியபோது, பணம் பாழாகவில்லை என்றாலும் நினைத்த நேரத்தில் எடுக்க முடியவில்லை. ஒய்.டி.எம். என்பது வாக்குறுதியும் அல்ல. ஃபண்டில் உள்ள பத்திரங்களை முடியும்வரை வைத்திருந்தால் வரக்கூடிய வருமானத்தின், செலவைக் கழிக்காத கணக்கு அது. ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்து ஏமாந்த சீமை நம்முடையது, கூடுதல் வட்டி என்றதும் கை தானாகப் பின்வாங்க வேண்டாமா? குறைந்தது 80% அரசுப் பத்திரமோ, வங்கி மற்றும் பொதுத்துறை நிறுவனப் பத்திரமோ வைத்திருக்கும் வகைகளில், டியூரேஷன் குறைவானதாகத் தேடுங்கள்.