முதல் வாடிக்கையாளர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் ஆசிரியர். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சேவை தொடங்கியிருக்கிறார்கள். வண்டி வாங்கப் போகும் குடும்பத்தோடு டெஸ்ட் டிரைவுக்குக் கூடவே போவார்கள். அந்த வண்டி அந்தக் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று பார்த்து எழுத்தில் அறிக்கை தருவார்கள். அதற்கு ஒரு கட்டணம்.

அம்மா, அப்பா, நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள் என்று வீட்டில் ஏழு பேர். அதனால் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று வாங்க இருக்கிறேன். "சார், எங்க முதல் கஸ்டமர் நீங்கதான்" என்று மாணவர்கள் வந்து நிற்கிறார்கள். மாணவர்களுக்குக் காசு கொடுத்து வேலை வாங்குவது முறையல்ல, கல்லூரியில் ஓர் அறையும் போட்டியில் ஒரு பரிசும் கொடுத்தால் போதும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் தயக்கம்தான். இவ்வளவு பெரிய செலவில் பிள்ளைகள் சொல்வதை நம்பலாமா?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்ட கட்டணத்தையும் குறைக்காமல் கொடுங்கள்.

அறையும் பரிசும் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போட்டியில் நடுவரைக் கவரப் பத்து நிமிடம் நன்றாகப் பேசினால் போதும். காசு கொடுத்த மனிதருக்கு அது போதாது. வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் அறிக்கையில் சொன்னது சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். தொழில் தொடங்கும் மாணவனுக்கு அப்படி ஒருவர் கிடைப்பதுதான் கடினம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெட்ரிக் டெர்மனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலைக்குப் போய்விட்ட டேவிட் பேக்கார்டுக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தவர் அவர். இன்னொரு மாணவர் வில்லியம் ஹியூலட் தன் பட்ட ஆய்வில் ஓர் ஆடியோ ஆஸிலேட்டரை, அதாவது ஒலிக் கருவிகளைச் சோதிக்கச் சீரான மின் அலையைத் தரும் கருவியை, உருவாக்கினார். சிறிய மின்பல்பு ஒன்றை மின்சுற்றில் வைத்து, அலையின் வலிமை ஏறி இறங்காமல் பிடித்து நிறுத்தியது அதன் நுட்பம். இருவரும் 1939இல் 538 டாலர் முதலோடு, வாடகைக்கு எடுத்த ஒரு கராஜில் ஹியூலட்-பேக்கார்டு (HP) கம்பெனியைத் தொடங்கினார்கள். இதை யாரெல்லாம் வாங்கக்கூடும் என்று டெர்மன் ஒரு பட்டியலும் கொடுத்தார். வால்ட் டிஸ்னி நிறுவனம் தங்கள் தேவைக்கேற்ப மாற்றங்கள் கேட்டு எட்டுக் கருவிகள் வாங்கியது. ஆய்வகத்தில் பிறந்த கருவி, வாங்கியவர் கேட்ட மாற்றங்களோடு விற்பனைப் பொருளானது. அந்த எட்டுக் கருவிகளை வாங்கியவரின் இடத்தில்தான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

உங்கள் சக ஆசிரியர்களின் கவலையில் ஒரு நியாயம் உண்டு. அந்த நால்வருக்கும் இந்தப் பருவத்தில் மதிப்பெண் போடுபவர் நீங்களாக இருந்தால், அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் மாற்றிக்கொண்ட பிறகு போங்கள். கல்லூரியின் கருவிகளை அவர்கள் பயன்படுத்தினால், எது யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் உருவாக்கிய கூகுளின் தேடல் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டிடம் இருந்தது. உரிமம் கொடுத்ததற்குக் கிடைத்த பங்குகளை 2005இல் விற்றபோது பல்கலைக்கழகத்துக்கு 33.6 கோடி டாலர் வந்தது. கணக்கு முதலிலேயே தெளிவாக இருந்தால் பிறகு மனக்கசப்பு வராது.

இன்னொன்றை அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஷோரூம்காரரிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. நாளைக்கு யாராவது கமிஷன் தருகிறேன் என்று வருவார். வாங்கினால் அன்றோடு அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். டெஸ்ட் டிரைவில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன். தனியாகப் போய், விற்பனையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நல்ல சாலையில் பத்து நிமிடம் ஓட்டினேன். பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மாவால் காலைத் தூக்கி ஏற முடியவில்லை. அந்த வண்டி எங்களிடம் இருந்தவரை, ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடாமல் அம்மா அதில் ஏறியதில்லை. பாதிப் பயணங்களை "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று தவிர்த்துவிட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

ஆகவே ஏழு பேரும் போங்கள். ஆளுக்குச் சராசரியாக 65 கிலோ என்றாலும் 455 கிலோ ஆகிறது. நீங்களும் விற்பனையாளரும் மட்டும் உட்கார்ந்து ஓட்டும்போது இருக்கும் வண்டி வேறு, இந்த எடையோடு மேட்டில் நின்று கிளம்பும் வண்டி வேறு. பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் மாறும். எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் கதவோரத் தகட்டிலும் இருக்கும். அதிலிருந்து உங்கள் ஏழு பேரின் எடையைக் கழித்துப் பார்த்தால் பெட்டிகளுக்கு மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பிறகு மாணவர்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்றுப் போங்கள். மூன்றாவது வரிசையில் அவர்களில் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து வரட்டும். முழங்கால் எங்கே இடிக்கிறது, ஏசி காற்று வருகிறதா, வேகத்தடையில் முதுகுக்கு என்ன ஆகிறது, வயிற்றைப் புரட்டுகிறதா என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். மின்சாரக் கார் என்றால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது வேகம் குறையும் விதம் சிலருக்குக் குமட்டலைத் தரும். பின் வரிசையை மடக்காமல் டிக்கியில் உங்கள் பெட்டியை வைத்துப் பாருங்கள். பிள்ளைகளில் சின்னவருக்குக் குழந்தை இருக்கை தேவை என்றால் அதையும் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், பொருத்திய பிறகு முன் இருக்கையில் உங்கள் காலுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், இரவில் ஒருமுறை ஓட்டுங்கள். முகப்பு விளக்கு எப்படி என்று பகலில் தெரியாது.

வீட்டில் அதிகம் ஓட்டப்போவது உங்கள் மனைவி என்றால் அவர்தான் ஓட்ட வேண்டும், வண்டியைத் திருப்பிப் பின்னால் எடுத்து நிறுத்துவது வரை. மாணவர்கள் ஸ்டீயரிங்கைத் தொடுவதாக இருந்தால் உரிமம் வேண்டும், அந்தச் சோதனை வண்டியின் காப்பீடு அவர்களுக்கும் பொருந்துமா என்று முன்னமே கேட்டுவிட வேண்டும்.

பிள்ளைகள் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடிவை அவர்களிடம் விட வேண்டாம், பார்ப்பதை மட்டும் விடுங்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் நடப்பதைக் கவனிக்க நான்கு ஜோடிக் கண்கள் கிடைக்கின்றன.

அறிக்கை தயாரானதும் அதை உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் அவர் நிறுத்துவார். அந்த இடங்களை அவர்கள் திருத்தி எழுதட்டும். ஆறு மாதம் கழித்து நால்வரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, எழுதியதில் எது சரியாக இருந்தது, எது தவறிப்போனது என்று வரிவரியாகச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்.