மகள் ஓவியம் படிக்க ஆசைப்படுகிறாள். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அது சோறு போடுமா?

'சோறு போடுமா' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். மாமியார் முதல் தலைமையாசிரியர் வரை என்னிடம் கேட்காத ஆளில்லை.

உங்கள் மகளுக்குக் கணக்கு சுமாராக வரும், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் படமாக இருக்கும். சரிதானே? நானும் அப்படித்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம், தொழிலாளர்களுக்கான லயத்து வீடு, அம்மா பால்மரம் சீவினார். இப்போது தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் சுண்ணாம்பு மலை, கித்தாக்காடு (ரப்பர்க் காடு) என்று நீர்வண்ணத்தில் வரையக் கிளம்பிவிடுவேன். ("உனக்கென்ன, மாசமானா சம்பளம்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஆமாம், வருகிறது. படம் விற்றே வாழ்கிறேன் என்று நான் எங்கே சொன்னேன்?)

பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது கித்தாக்காட்டை வரைந்து ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். விடியற்கால வெளிச்சம், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால். வெள்ளைச் சாயமே தொடாமல் தாளின் வெண்மையைப் பாலாக விட்டிருந்தேன். நடுவர்கள் அதைத்தான் மெச்சினார்கள். அம்மா ஒரே பார்வைதான் பார்த்தார். "என்னடி, எல்லா மரத்துலயும் கோட்டை மாத்திப் போட்டு வச்சிருக்க?"

மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கவேண்டும். நான் அத்தனையையும் நேர்மாறாக இறக்கியிருந்தேன். பட்டைக்குள் பால்குழாய்கள் நெட்டுக்குத்தாக ஏறாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, இடமிருந்து இறக்கினால்தான் கூடுதல் குழாய்கள் அறுபடும் என்று பிற்பாடு படித்தேன். அம்மா எதையும் படிக்கவில்லை. "இப்படிச் சீவுனா கங்காணி நம்மளச் சீவிடுவாரு" என்றதோடு சரி. கித்தாக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த நான் மரத்தைப் பார்த்த லட்சணம் இது.

அதனால் என் மாணவர்களை வெளியேதான் உட்கார வைப்பேன். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது, அங்கேயும் கூட்டிப்போனேன். மரம் என்றாலே பழுப்பை எடுக்கிற பிள்ளைகள் அன்று சாம்பலையும் பச்சையையும் குழைத்தார்கள். மற்றபடி ஓவியப் பாடவேளை என்றால் "கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்று கணக்குக்கு வாங்கிக்கொள்வார்கள். அதற்குச் சாக்காக இருந்த ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வையே 2021இல் எடுத்தாயிற்று. கேட்பது மட்டும் நின்றபாடில்லை.

சோறு? ஓவியம் மட்டும் என்றால் கஷ்டம். ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்துப் படிக்கட்டும். தாள் (சதுர மீட்டருக்கு) 300 கிராம் கனத்தில் வாங்கிக்கொடுங்கள், மெலிசான தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் முடியவில்லை. கோயில் திருவிழாவில் பந்தல்காரருக்குப் பணம், ஒலிபெருக்கிக்குப் பணம், வாசல் பதாகைக்கு மட்டும் "நீங்கதான் டிராயிங் டீச்சராச்சே". சாயமும் என் காசு. மூன்று வருடம் வரைந்தேன். நான்காம் வருடம் 250 வெள்ளி (ரிங்கிட்) கேட்டேன், அச்சடித்து மாட்டிவிட்டார்கள். எங்கள் பிள்ளையார் வலம்புரி. அச்சில் படம் திரும்பி, தும்பிக்கை இடப்பக்கம் போய்விட்டது. கமிட்டியில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.