மருந்தியல் மாணவருக்கு நெஞ்சை அழுத்தும் பயிற்சி எதற்கு?

இதயம் திடீரென நின்றவருக்கு, நெஞ்சின் நடுவே அழுத்தி ரத்தத்தை ஓடவைப்பதே சி.பி.ஆர். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம். வால்வு தேய்ந்த அடிபம்பில் கையை எடுத்தால் குழாயில் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். மறுபடி அடித்தால் முதல் சில அடிகள் வீண். இங்கும் அப்படித்தான், நடுவே நிறுத்தக்கூடாது. சில நிமிடங்கள் ரத்தம் போகாவிட்டாலே மூளை பாதிக்கப்படும். பல்லடம், கோபி பக்கத்துச் சிற்றூர்களில் 108 வருமுன் ஓடிவரக்கூடியவர் மருந்துக்கடைக்காரராகவும் இருக்கலாம். மருத்துவமனையிலோ 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இதயம் மீண்டும் துடிக்க உதவும் அட்ரினலின் மருந்து 1 மி.கி. தயாராக வேண்டும். அளவு தவறாமல் எடுத்துத் தர மருந்தாளுநர் உதவலாம். பொம்மையில் அழுத்திக் கை கடுத்தவருக்கே அந்த அவசரம் புரியும். பாடப்புத்தகம் அதைத் தராது.

நெஞ்சுவலி என்று பேசிக்கொண்டிருப்பவரை அழுத்தக்கூடாது. நினைவிழந்து, மூச்சும் இயல்பாக இல்லாதவருக்குத்தான் இது.