1933-இல் வந்த 'எஸ்கிமோ' பேசும்படம்தானே, பிறகு ஏன் நடுநடுவே எழுத்து அட்டை வருகிறது?

எழுத்து அட்டை என்பது காட்சிக்கு நடுவே திரையை நிறைத்து வரும் வாசகம். ஊமைப்படக் காலத்து வழக்கம். எம்.ஜி.எம். தயாரித்து வான் டைக் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது உண்டு. காரணம், அலாஸ்காவில் எடுத்த இந்தக் கதையின் பழங்குடிப் பாத்திரங்கள் தங்கள் இனுபியாக் மொழியிலேயே பேசுகிறார்கள். மேடையில் வெளிமாநிலத் தலைவர் பேசப்பேச, பக்கத்தில் ஒருவர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாரே, அந்த வேலையைத்தான் அட்டை செய்கிறது. அன்றைய ஹாலிவுட்டுக்கு இது பெரிய துணிச்சல் என்பேன். நாயகன் ரே மாலாவும் அலாஸ்காவில் பிறந்தவர்தான். படத்தொகுப்புக்கான முதல் ஆஸ்கர் விருது இதற்கே கிடைத்தது.

வேட்டைக் காட்சிகளைப் பார்த்துவிட்டு ஆவணப்படம் என்பவர்கள் உண்டு. இல்லை, பீட்டர் ஃபிராய்கென் எழுத்தைத் தழுவிய புனைகதை இது, கொடிய கப்பல் தலைவனாக நடித்திருப்பவரும் அவரே.