அட்லாண்டாவிலிருந்து குடும்பத்தோடு காரில் போய்வர ஏற்ற பழைய ஊர் எது?

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கையில் மூன்று நாள், போகிற ஊரில் வரலாறும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், அதே ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் சவானா. போன நவம்பரில் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போய் வந்தேன்.

அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய 250 மைல், நான்கு மணி நேரம். மேக்கன் வரை ஐ-75 நெடுஞ்சாலை, அப்புறம் ஐ-16. இரண்டு பக்கமும் பைன் மரங்கள்தான், வேறொன்றும் இல்லை. வழியில் பெட்ரோல் போட நிறுத்தினால் உப்புப் போட்டு வேகவைத்த கடலையைச் சூடாக விற்பார்கள். மன்னார்குடிப் பக்கம் பிறந்த என் அம்மாவுக்கு அமெரிக்காவில் முதன்முதலாகப் பிடித்த பண்டம் அதுதான்.

1733-இல் ஓகல்தார்ப் என்பவர் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். தெருக்களுக்கு நடுவே சதுரமான சிறு பூங்காக்கள். 24 இருந்தவற்றில் 22 இன்றும் இருக்கின்றன. இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் அடுத்த நிழல், அடுத்த பெஞ்சு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. ஆற்றைக் கடக்கும் படகு இலவசம். பிள்ளைகள் மூன்று முறை போய் வந்தார்கள். மார்ச் 17-ஐ ஒட்டிய வாரம் மட்டும் போகாதீர்கள். செயின்ட் பேட்ரிக் ஊர்வலக் கூட்டத்தில் அறை கிடைப்பதே கஷ்டம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கீரை, பீன்ஸ் என்று நம்பி வாங்கிவிட வேண்டாம், பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்துத்தான் வேகவைப்பார்கள். ஒரு உணவகத்தில் கேட்காமல் வாங்கி, அம்மா பாதியில் கையை உதறிவிட்டார். நம் தக்காளி சாதம் போலவே இருக்கும் அந்த ஊர்ச் சிவப்புச் சாதத்திலும் இறைச்சி இருக்கும். ஆனால் அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது மேற்கு ஆப்பிரிக்கச் சமையலின் வழி வந்தது. நெல் விளைவிக்கத் தெரிந்த அந்தக் கடற்கரை மக்களையும் பிடித்து வந்து இங்கே அடிமையாக விற்றார்கள். ஜார்ஜியாவில் 1735-இல் அடிமை முறைக்குத் தடை போட்டிருந்தார்கள். பக்கத்துத் தென் கரோலினாவில் நெல்லால் சிலர் பெரும் பணக்காரர் ஆனதைப் பார்த்த ஜார்ஜியாக் குடியேறிகள் நெருக்கி, 1751-இல் தடையை எடுக்க வைத்தார்கள். 1859 மார்ச்சில் ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில் இரண்டே நாளில் 400-க்கும் மேற்பட்டவர்களை ஏலம் விட்டார்கள். நெல் வயலிலும் பருத்திக் காட்டிலும் வேலை செய்த குடும்பங்கள் அவை.

அதனால் பூங்காக்களையும் மாளிகைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்துக்குக் கட்டாயம் போங்கள். 1819-இல் கட்டி முடித்த மாளிகை. பின்னால் அடிமைகள் தங்கிய அறைகளும் அப்படியே இருக்கின்றன. அங்கே மேல்கூரையில் வெளிறிய நீலப் பூச்சு. கெட்ட ஆவி அண்டாமலிருக்க அவர்கள் பூசியது என்று வழிகாட்டி சொன்னதை நான் மொழிபெயர்த்ததும், "திருஷ்டிக்கு நாம பூசணிக்காய் கட்டுற மாதிரி" என்றார் அம்மா.

மறுநாள் காலை பாலத்தைத் தாண்டி, கால் மணி நேரத்தில் சவானா வனவிலங்குக் காப்பகம் போனோம். லாரல் ஹில் என்ற நான்கு மைல் சாலை. காரிலேயே சுற்றி வரலாம். முதலைகள் கரையேறிப் படுத்திருக்கும், பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள். அந்தச் சாலை போவது பழைய நெல் வயல்களின் கரை மேல். கடலில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் மேலேறும். மதகைத் திறந்து அதை வயலுக்கு விட்டு, ஓதம் இறங்கும்போது வடித்திருக்கிறார்கள். பம்பும் இல்லை, ஏற்றமும் இல்லை.

நான் விளக்கும் முன்பே அம்மா கண்டுபிடித்துவிட்டார். "இது வயக்காடுல்ல? அந்தா மதகு." பத்து வயதிலிருந்து நடவுக்குப் போனவர். காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். இவ்வளவு பெரிய கரையை யார் போட்டது என்று கேட்டார். முதல் நாள் கேட்டதை வைத்துப் பெரியவன்தான் சொன்னான், அடிமைகள் சதுப்பில் நின்று கையால் வெட்டிப் போட்டது என்று.

"கூலி குடுத்தாங்களாமா?"

"இல்ல அப்பாயி."

அம்மா குனிந்து கரையோரம் கொஞ்சம் மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "நல்ல களி" என்றார். அப்புறம் கார் ஊர் எல்லையைத் தாண்டும் வரை எதுவும் பேசவில்லை.