எமர்ஜென்சி ஸ்டாப்: கேள்வி பதில்

கேள்வி: எமர்ஜென்சி பட்டனில் ஏன் என்.சி. கான்டாக்ட் சார்? என்.ஓ. போதாதா?

பதில்: என்.சி. என்றால் சாதாரணமாக மூடியிருந்து, அழுத்தினால் திறக்கும் கான்டாக்ட்; என்.ஓ. அதற்கு நேர்மாறு. என்.ஓ. போட்டால், ஒயர் அறுந்து கிடப்பது பட்டனை அழுத்தும்வரை யாருக்கும் தெரியாது. என்.சி.யில் டெர்மினல் கழன்றாலே மெஷின் நின்றுவிடும். காரணமில்லாமல் நிற்கிறதே என்று புரொடக்ஷன்காரர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். ஆனால் இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால் என்.சி.யும் காப்பாற்றாது. அதற்குத்தான் இரண்டு சேனல், அதாவது இரண்டு தனித்தனி ஒயர் பாதைகள் வைத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சேஃப்டி ரிலே வழியாகக் கண்காணிக்கிறோம்.

கேள்வி: பட்டனைத் திருகி விடுவித்ததும் மோட்டார் தானாக ஓடுகிறது. சரியா?

பதில்: கூடவே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13850-இன்படி பட்டனை விடுவிப்பது மறுபடி ஸ்டார்ட் செய்ய அனுமதி மட்டுமே. ஸ்டார்ட்டைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். உள்ளே யாராவது கை விட்டிருப்பார்கள். முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: கனமான ரோலர் உள்ள மெஷின். உடனே பவரை வெட்டலாமா?

பதில்: வெட்டினால் ரோலர் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் யூனிட்) பிரேக் பிடித்து நிறுத்திய பிறகு பவரை எடுங்கள். நிறுத்தும் முறைகளில் இது கேட்டகரி 1. உடனே வெட்டுவது கேட்டகரி 0. நின்ற பிறகும் பவரை விட்டுவைக்கும் கேட்டகரி 2 எமர்ஜென்சிக்கு ஆகாது. இரும்புத் தகட்டைக் காந்தத்தால் தூக்கும் மெஷின் என்றால், மோட்டாரை நிறுத்துங்கள், காந்தத்தின் கரன்ட்டை வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பட்டனை அழுத்திவிட்டு பெல்ட் மாற்றலாமா?

பதில்: கூடாது. மெஷினுக்கு வரும் மெயின் கரன்ட்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள்.

கேள்வி: டாங்க் நிரம்பினால் பம்பை நிறுத்த, ஏற்கெனவே மட்டத்தை அளந்து சொல்லிக்கொண்டிருக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டரையே ட்ரிப்புக்கும் (ஆபத்தில் தானாக நிறுத்தும் ஏற்பாடு) எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அது ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், ட்ரிப் இரண்டும் சேர்ந்தே ஏமாறும். ட்ரிப்புக்குத் தனி சென்சார், தனி லாஜிக், டாங்குக்கு வரும் குழாயில் தனி வால்வு வேண்டும். வால்வு, காற்றோ கரன்ட்டோ போனால் ஸ்பிரிங்கால் தானே மூடுகிற வகையாக இருக்கட்டும்.

தனியாக வைத்தாலும் போதாது. 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் லெவல் கேஜ் சிக்கிக்கொண்டது. தனி ஹை லெவல் ஸ்விட்ச் இருந்தும் வேலை செய்யவில்லை. அதன் டெஸ்ட் லீவரைச் சரியான நிலையில் பிடித்து வைக்க வேண்டிய பூட்டு மாட்டப்படவில்லை. பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. டெஸ்ட் முடிந்ததும் லீவர், ட்ரிப்பைத் தற்காலிகமாக முடக்கும் பைபாஸ் சாவி எல்லாம் பழைய நிலைக்கு வந்தனவா என்று இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும்படி படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.