கூடத்துக்கு உயர்ந்த கூரை: குறுக்கு விட்டம் இல்லாமல் முடியுமா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே எங்கள் பூர்வீக மனையில் புது வீடு கட்டத் தொடங்குகிறோம். 16 அடி அகலமும் 24 அடி நீளமும் உள்ள கூடத்துக்கு மேல் மாடி கிடையாது. அங்கே தட்டையான தளத்துக்குப் பதிலாக, முகடு வரை உயர்ந்து தெரியும் ஓட்டுக்கூரையோ செங்கல் வளைவுக்கூரையோ வேண்டும் என்று என் தாயார் விரும்புகிறார். குறுக்கே விட்டம் தெரியக் கூடாது என்கிறார். எது பாதுகாப்பானது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டுமே முடியும். ஆனால், உங்கள் தாயார் வேண்டாம் என்று சொல்லும் அந்த விட்டத்துக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. இருபுறமிருந்தும் சரிந்து ஏறி முகட்டில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கைமரங்கள், ஓட்டின் பாரத்தால் கீழ்நுனியில் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். அவை சுவரைத் தள்ளிவிடாமல் இழுத்துப் பிடிப்பது விட்டம்தான். மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும் 9 அங்குலச் செங்கல் சுவர், பக்கவாட்டில் தள்ளினால் அப்படித் தாங்காது. ஆகவே விட்டத்தை எடுக்கும் முன், அந்தத் தள்ளுவிசையை எது ஏற்கும் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் கூடத்துக்கு முகட்டு உத்திரமே பொருத்தம் என்பது என் கருத்து. கூடத்தின் நீளவாக்கில், முகட்டில் இரும்பு உத்திரமோ கான்கிரீட் உத்திரமோ அமைத்து, அதன் இரு நுனிகளையும் முக்கோணச் சுவர்களுக்குள் மறைந்து நிற்கும் தூண்களில் ஏற்றிவிட்டால், கைமரங்களின் மேல்நுனி அதன்மேல் அமர்ந்துவிடும். விலகும் போக்கே எழாது. கூரையின் ஏறக்குறையப் பாதிப் பாரம் இந்த ஓர் உத்திரத்துக்கு வந்து சேரும் என்பதால், 24 அடி நீளத்துக்கு அது நல்ல ஆழம் உடையதாக இருக்க வேண்டும். ஆழம் போதாமல் அது தொய்ந்தால், தவிர்த்த தள்ளுவிசை திரும்பி வந்து சுவரைப் பிளக்கும். அந்த இரு தூண்களுக்கும் உரிய அஸ்திவாரம் வேண்டுமென்பதால், வானம் தோண்டும் முன்பே பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள்.

செங்கல் வளைவு அழகில் குறைந்ததன்று. ஆனால் அது சுவரை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பாரம் சீராகப் பரவியிருந்தால், 16 அடி அகலத்துக்கு 4 அடி எழுச்சி, அதாவது வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து உச்சி வரையிலான உயரம், கொடுக்கும்போது, ஒரு பக்கச் சுவர் தாங்கும் கூரைப் பாரத்துக்கு நிகரான விசை அதே சுவரை வெளியேயும் தள்ளும். எழுச்சியை 2 அடியாகக் குறைத்தால் அது இருமடங்காகும். இதைத் தாங்கச் சுவர்த்தலையில் கான்கிரீட் கட்டுடன், குறுக்கே இழுப்புக் கம்பிகளும் தேவைப்படும். அவை கண்ணில் படும் என்பதால் உங்கள் தாயாரின் விருப்பம் நிறைவேறாது. அகலம் குறைந்த பூசை அறைக்கு இம்முறையைத் தாராளமாக எண்ணிப் பார்க்கலாம். சாரப்பலகை இல்லாமலேயே அழுத்திய மண்கற்களால் வளைவு கட்டும் நூபிய முறையில் ஆரோவில்லில் பல கட்டடங்கள் எழுந்துள்ளன. நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரிவான கான்கிரீட் தளம் போட்டு மேலே ஓடு பதிப்பதும் உண்டு. சரிவு அதிகமானால் ஈரக் கலவை கீழே வழிந்து, உள்ளே இடைவெளி விழுந்து, ஐப்பசி மழையில் கசியும். கைதேர்ந்த ஆட்கள் இல்லாவிட்டால் வேண்டாம்.

இன்னொன்று: இடித்த வீடுகளின் தேக்குக் கட்டைகள் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைக் கைமரமாக்கலாம் என்றாலும், பழைய பொருத்துத் துளைகள் கட்டையின் நடுப்பகுதியில் விழுந்திருந்தால் அங்கே வலு குறைந்திருக்கும். அப்படிப்பட்டவற்றைக் கதவு நிலைக்கு ஒதுக்கிவிட்டு, கூரைக்கு முழுக் கட்டையாகப் பார்த்து எடுங்கள்.